திரை செத்துப்போன ஸ்கிப்பிங் கயிறு: ஏழு மாத அனுபவம்

கதவுக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது இந்தக் கயிறு. வலது கைப்பிடியில் ஒரு சின்னத் திரை உண்டு. எத்தனை முறை குதித்தேன், எத்தனை கலோரி போயிற்று என்று காட்ட வேண்டிய திரை. மூன்று மாதமாக அது இருட்டாகக் கிடக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது. பொத்தான் மாதிரி வட்டமான பேட்டரிதான், மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது. மாற்றவில்லை. கயிறு மட்டும் வாரத்துக்கு ஐந்து நாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த வசதிக்காக இதைத் தேடி வாங்கினேனோ அது உதவாமல் போனது. வாங்கும்போது நான் திரும்பியும் பார்க்காத ஒன்றுதான் இன்றுவரை என்னைக் குதிக்க வைக்கிறது.

என் நிலைமையைச் சொல்லாமல் இந்தப் பொருள் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல முடியாது. ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். வயது 41, உயரம் 160 செ.மீ. கயிறு வாங்கிய அன்று எடை 74.6 கிலோ. இரண்டு பிள்ளைகள். ஷிஃப்ட் வேலை, ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. "தினமும் விடியற்காலை எழுந்து" என்று ஆரம்பிக்கும் எந்த அறிவுரையும் எனக்கு ஒத்துவராது. இரவு ஷிஃப்ட் வாரத்தில் விடியற்காலை நான் மருந்துச்சீட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

இதற்கு முன் செய்து பார்த்தவை பல. ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேர்ந்தேன், பதினொரு நாள் போனேன். பதினொன்று என்று துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அந்த வருகை அட்டையை என் கணவர் பத்திரமாக வைத்திருந்து சமயம் பார்த்து எடுத்துக் காட்டுவார். ஜிம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், உடை மாற்ற, மெஷின் காலியாகும்வரை நிற்க, குளிக்க என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதில் உடம்பு அசைந்தது நாற்பது நிமிடம். அப்புறம் வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்யும் 45 நிமிட வகுப்பு. பாதியில் சின்னவன் வந்து பென்சில் சீவித் தரச் சொல்வான். நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் திரையில் இருக்கும் பெண் தரையில் படுத்திருப்பாள், நான் எங்கே விட்டேன் என்று தெரியாது. நடைப்பயிற்சிதான் ஓரளவு நீடித்தது. அதுவும் இரவு ஷிஃப்ட் வாரம் வந்ததும் அறுந்துபோகும்.

கயிறு வாங்கியது ஆசையில் அல்ல, எரிச்சலில். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய நாள் முடிந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது. உட்காருவதற்கு முன்பே முடித்துவிடக்கூடிய பயிற்சி ஏதாவது உண்டா என்று யோசித்தேன். எண்ணும் கருவி உள்ள கயிறு என்றதும், கணக்கு இருந்தால் ஒழுங்கு வரும் என்று நம்பி வாங்கினேன். கணக்குப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இனி பொருளைப் பார்ப்போம். மெல்லிய எஃகுக் கம்பி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. இரண்டு கைப்பிடியிலும் உள்ளே பால் பேரிங், அதாவது சின்ன உருண்டைகள் வைத்த சுழலும் வளையம். அதனால் கயிறு முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். சின்ன வயதில் பருத்திக் கயிற்றில் குதித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் பத்துச் சுற்றிலேயே தெரிந்துவிடும். பருத்தி, காற்றில் தொய்ந்துவிடும். கையால் இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இது மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே வந்துவிடும். கைப்பிடியில் ரப்பர் மாதிரி ஒரு உறை இருக்கிறது, வியர்வையிலும் வழுக்கவில்லை. ஏழு மாதத்தில் வலது பேரிங் கொஞ்சம் கரகரக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் முதல் குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய கம்பிக் கயிறு வேகமாகச் சுற்றத் தெரிந்தவர்களுக்கானது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கயிறு எங்கே வருகிறது என்றே தெரியாது, எடை இல்லாததால் கையில் உணர்வே இருக்காது. கால் விரலில் படும்போதுதான் தெரியும். சுளீர் என்று! முதல் வாரம் முழுக்க இடது கட்டைவிரலில் ஒரு சிவப்புக் கோடு. அன்றிலிருந்து ஷூ போடாமல் குதிப்பதில்லை. கொஞ்சம் தடிமனான கயிறோ, பிளாஸ்டிக் மணி கோத்த கயிறோ வாங்கியிருந்தால் இந்த அவஸ்தை இருந்திருக்காது. மெதுவாகச் சுற்றும், தரையில் படும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்தே குதிக்கலாம்.

நீளம் பற்றி. பெட்டியிலிருந்து எடுக்கும்போது 3 மீட்டர் இருந்தது. அப்படியே குதித்துப் பார்த்துவிட்டு "இது நமக்கு வராது" என்று மூலையில் போட்டவர்கள் எத்தனை பேரோ. நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான். கயிறு தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் போய், தரையில் விழுந்து இழுபட்டு, காலில் சுற்றிக்கொண்டது. நடுவில் ஒரு காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கைப்பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும் என்பது கணக்கு. எனக்குக் காதுக்கு மேலே வந்தது. கைப்பிடியின் மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்தி, கம்பியை இழுத்து, மறுபடி இறுக்க வேண்டும். விளக்கத்தாளில் இதற்கு ஒரே ஒரு படம், அதிலும் அம்புக்குறி தப்பான பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு, கணவரின் குறடை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் என் அளவு 2.45 மீட்டர் என்று வந்தது. மிச்சக் கம்பியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். நான் நான்கு விரற்கடை விட்டுத்தான் வெட்டினேன், பின்னால் அது உதவியது.

நீளம் சரியானதும் அதே கயிறு வேறு கயிறாகிவிட்டது. தொடர்ந்து நான்கு என்றிருந்தது அன்றைக்கே இருபத்தி மூன்று ஆனது.

குதிக்கும் விதத்தை எங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண்தான் திருத்தினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மருந்தக ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, நான் குதித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எதுக்கு இவ்வளவு உயரம் போறீங்க? கயிறு போக ரெண்டு விரல் இடம் போதும். பந்து மாதிரி குதிக்காதீங்க, இடத்தை விட்டு எழும்பினா போதும்" என்றாள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தோளைச் சுற்றக் கூடாது, மணிக்கட்டு மட்டும். முன்பாதத்தில் இறங்க வேண்டும், குதிகால் லேசாகத் தரையைத் தொட்டால் போதும், முட்டி விறைப்பாக இருக்கக் கூடாது. உயரத்தைக் குறைத்ததும் மூச்சு வாங்குவது பாதியாகிவிட்டது. கீழ்வீட்டுக்காரரின் முகமும் கொஞ்சம் தெளிந்தது. அதற்காக எட்டு மில்லிமீட்டர் ரப்பர் மேட் ஒன்றும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கயிற்றோடு மேட் வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் திட்டம். திட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சின்னது. வீட்டுக்குள் வந்ததும் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும். அதே ஆணியில் கயிறு. சாவி மேலே போகும், கயிறு கீழே வரும். பை தரையில், வேலைக்குப் போட்டுப்போன ஷூ காலிலேயே. மேட் சுவரோரம் சுருட்டி நிற்கிறது, காலால் தட்டி விரிப்பேன். 30 விநாடி குதி, 30 விநாடி நில், இப்படிப் பதினாறு முறை. மொத்தம் பதினாறு நிமிடம், அதில் குதிப்பது எட்டு நிமிடம். நேரம் பார்க்கக் கைபேசி. அதன் பிறகுதான் ஷூ கழலும்.

காலை ஷிஃப்ட் என்றால் இது மதியம் மூன்று மணிக்கு நடக்கும். மதிய ஷிஃப்ட் என்றால் இரவு பத்துக்கு. இரவு ஷிஃப்ட் என்றால் மறுநாள் காலை எட்டுக்கு, தூங்கப்போகும் முன். இரவு பத்து மணிக்குக் குதித்தால் தூக்கம் வருமா என்று கேட்பீர்கள். எனக்கு உடனே வராது, குளித்துவிட்டு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பழக்கம் வைக்க முடியாத ஒருத்திக்குக் கதவுதான் கடிகாரம். வீட்டுக்குள் நுழையாத நாளே கிடையாதே! இந்தக் கயிற்றுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்: ஒரு ஆணியில் அடங்குகிறது, எடுத்த நொடியில் ஆரம்பிக்கலாம். வாங்கும்போது நான் திரும்பியும் பார்க்காத விஷயம் என்று சொன்னது இதைத்தான். எவ்வளவு இடம் அடைக்கும் என்று யோசித்தேனே தவிர, எடுப்பதற்கும் ஆரம்பிப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று யோசிக்கவில்லை. ஜிம்முக்கு அது முப்பது நிமிடம். இதற்கு அரை நிமிடம் கூட இல்லை. மனசு "இன்னைக்கு வேண்டாமே" என்று வாக்கியத்தை முடிப்பதற்குள் முதல் முப்பது விநாடி முடிந்திருக்கும்.

எட்டு நிமிடம் எல்லாம் ஒரு பயிற்சியா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. முன்பு பத்து நிமிடமாவது ஒரே மூச்சில் செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிக்கொண்டிருந்தது. 2020-ல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். அதற்காக மொத்தம் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிடம், இல்லையென்றால் கடுமையான பயிற்சி 75 முதல் 150 நிமிடம். என் கயிறு வாரத்துக்கு நாற்பது நிமிடம்தான். மீதிக்கு மருத்துவமனையின் படிக்கட்டும், விடுமுறை நாள் நடையும்.

சரி, திரைக்கு வருவோம்.

அது குதிப்பை எண்ணுவதில்லை, சுற்றை எண்ணுகிறது. கைப்பிடிக்குள் கயிறு ஒரு முறை சுழன்றால் ஒன்று. காலில் தட்டிப் பாதியில் நின்ற சுற்றையும் சில சமயம் சேர்த்துக்கொள்ளும், வேகமாகச் சுற்றினால் சிலதை விட்டுவிடும். எண்ணிப் பார்த்தேன், நூறு குதித்தால் ஒரு நாள் 97, ஒரு நாள் 104. இது போகட்டும். கலோரிதான் கூத்து. ஆரம்பத்தில் எடையைப் பதிவு செய்தால், சுற்றின் எண்ணிக்கையை வைத்து அதுவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து, கயிற்றைக் காற்றாடி மாதிரி சுழற்றிக்கொண்டே இருந்தான். "அம்மா, நான் அறுபத்தி ரெண்டு கலோரி குறைச்சிட்டேன்!" உட்கார்ந்த இடத்தில், என் எடையில்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த எண் என்னை வேறு விதத்தில் ஆட்டிவைத்தது. திரையில் 180 காட்டினால் அன்று இரவு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ள ஒரு நியாயம் கிடைத்தது. 90 காட்டினால் "இவ்வளவு தானா" என்று சலிப்பு வந்தது. இரண்டுமே என்னைக் கெடுத்தன. இது எனக்கு மட்டும் நேர்ந்த கோளாறு அல்ல என்பது பிறகு தெரிந்தது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தப்பு. தோலைத் தொட்டுத் துடிப்பு பார்க்கும் கருவிக்கே அந்தக் கதி என்றால், சுற்றை மட்டும் எண்ணும் கைப்பிடி என்ன செய்யும், பாவம். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. 471 பேர், இரண்டு வருடம். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் உடலில் அணியும் கருவியும் உண்டு. கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ. இதைப் படித்த அன்றுதான் பேட்டரி மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன். அதற்குப் பதில் நாள்காட்டியில் ஒரு பென்சில் கோடு. குதித்தேனா, ஆமாம், கோடு. வேறு கணக்கு இல்லை.

மூன்றாவது வாரம் நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கயிறு வாங்கும் பலரும் இதே இடத்தில்தான் கவிழ்கிறார்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. தராசு வேறு 400 கிராம் ஏறிக் காட்டியது. புதிதாகப் பயிற்சி ஆரம்பித்தால் நோவெடுத்த தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தராசு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மருந்துக் கடைக்காரிக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. யாரோ டபாட்டா முறையைச் சொன்னார்கள், 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று. 1996-ல் ஜப்பானில் இந்த முறையைச் சோதித்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நல்ல உடற்பழக்கம் உள்ள இளம் மாணவர்கள், அதுவும் சைக்கிள் கருவியில் செய்தார்கள் என்பதை எல்லாம் படிக்காமல், பகலில் ஒன்பது மணி நேரம் நின்ற காலோடு நான் அதைக் கயிற்றில் செய்தேன். ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து மூன்று தடவை. அப்படி நான்கு நாள்.

ஐந்தாம் நாள் படி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் ஒரு வலி. விரலால் தடவினால் நீளமாக ஒரு கோடு போல நோகும். பிசியோதெரபிப் பெண் அழுத்திப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தேன். "தசை பழகுற வேகத்துல எலும்பு பழகாதுக்கா. ரெண்டு வாரம் கயிறைத் தொடாதீங்க." ஒரே இடத்தில் புள்ளியாக வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் உடனே வந்து காட்ட வேண்டும், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம் என்றும் எச்சரித்தாள். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. பன்னிரண்டு நாள் நிறுத்தினேன்.

பழைய நானாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். பன்னிரண்டு நாள் விட்டாச்சு, இனி எங்கே என்று. இந்த முறை அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டுக்குள் வந்ததும் கயிற்றை எடுக்காமல் அதே மேட்டில் நின்று சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் செய்தேன். நேரம் அதே பதினாறு நிமிடம். ஷூவும் அதே போல கடைசியில்தான் கழன்றது. லண்டனில் லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 2010-ல் வெளியானது. ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதுமென்றும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற சூத்திரத்தை நம்பி, 22-ம் நாளும் எரிச்சலாகவே இருக்கிறதே என்று நான் எத்தனை தடவை என்னையே திட்டியிருப்பேன்! எனக்குக் கயிறு எடுப்பது தானாக நடந்தது ஏறக்குறைய மூன்றாம் மாதக் கடைசியில். ஒரு நாள் கைபேசியில் பேசிக்கொண்டே உள்ளே வந்தேன், பேசி முடித்துப் பார்த்தால் கையில் கயிறு இருந்தது.

சுவரும் நாற்காலியும் இன்றும் தொடர்கின்றன, வாரத்துக்கு இரண்டு நாள். கயிறு தசையை வளர்க்காது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். இதைக் கயிறு விற்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. பெண்கள் எழுதும் விமர்சனங்களில்கூட நான் பார்க்கவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன். இரண்டு பிரசவம் ஆன உடம்பு. முதல் நாள் முப்பதாவது குதிப்பில் சிறுநீர் கசிந்தது. கயிற்றை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், "இதுகூட உனக்கு முடியாதா" என்று ஆத்திரம் ஒரு பக்கம். இருமினால், தும்மினால், குதித்தால் கசிவது பிரசவமான பெண்களிடம் சர்வ சாதாரணம். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்திருப்பதுதான் காரணம். அதற்குப் பயிற்சி உண்டு, சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது. 1948-லேயே கீகல் என்ற மருத்துவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பலன் தெரியச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. நான் குதிக்கும் முன் கழிவறைக்குப் போய்வருவதைப் பழக்கிக்கொண்டேன், உயரத்தைக் குறைத்தேன், தினமும் மருந்தகத்தில் நின்றபடியே அந்தத் தசைப் பயிற்சியைச் செய்தேன். நின்றிருந்தவர்கள் யாருக்கும் தெரியாது. நான்காம் மாதத்துக்குள் நன்றாகவே குறைந்தது. மார்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையும் அவசியம், சாதாரணமானது இதற்குத் தாங்காது.

எடை? இன்று காலை 68.9 கிலோ. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ.யிலிருந்து 88. ஏழு மாதத்தில் 5.7 கிலோ. இதைக் கயிற்றின் கணக்கில் எழுத எனக்கே ஆசைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நிமிடத்துக்கு நூறுக்குக் குறைவாக மெதுவாகக் குதித்தால் சும்மா இருக்கும்போது செலவாவதைப் போல 8.8 மடங்கு ஆற்றல் செலவாகும் என்பது பயிற்சி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அட்டவணை. என் எடைக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 11 கலோரி. சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய ஒன்றைக் கழித்தால் 10. வாரத்துக்கு நாற்பது நிமிடம் என்றால் 400. முப்பது வாரத்துக்கு 12,000. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, பன்னிரண்டு நாள் லீவைக் கண்டுகொள்ளாமல் விட்டால்கூட, கயிறு குறைத்தது ஒன்றரைக் கிலோ. மீதி நான்கு சொச்சமும் தட்டில் குறைந்தது. இரவு ஷிஃப்டில் இரண்டு மணிக்கு நொறுக்குவதை நிறுத்தினேன், வீட்டில் மறுசோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். இதற்குக் கயிறு ஒரு விதத்தில் உதவியது என்றுதான் நினைக்கிறேன். பதினாறு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு வந்த பிறகு அந்தக் கூடுதல் கரண்டிக்குக் கை போகவில்லை. திரை செத்த பிறகு, அதாவது. அதற்கு முன் போனது.

"மாதத்தில் பத்துக் கிலோ" என்று பெட்டியின்மேல் அச்சடித்திருக்கிறார்கள். உடற்பயிற்சியை மட்டும் நம்பி எடையில் கண்கூடான மாற்றம் வேண்டுமென்றால் வாரத்துக்கு 250 நிமிடத்துக்கு மேல் செய்ய வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் சங்கம் 2009-லேயே சொல்லிவிட்டது. அவ்வளவு நேரம் இருப்பவர்கள் கயிற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

யார் வாங்கலாம்? முட்டியில் தேய்மானமோ பழைய அடியோ இருப்பவர்கள், எடை மிக அதிகமாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள் இதைத் தொட வேண்டாம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. கூரை தாழ்வான வீடு, மின்விசிறி தாழ்வாகத் தொங்கும் அறை என்றால் கம்பி போய் இடிக்கும். நான் ஒரு விளக்கை உடைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு, முக்கியமாக வெவ்வேறு நாளில் வெவ்வேறு நேரத்தில் வீடு திரும்புகிறவர்களுக்கு, கயிறு நல்ல சாமான். இந்தக் கயிறுதான் வேண்டும் என்றில்லை. கைப்பிடிக்கும் பேரிங்குக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், விளக்கத்தாளுக்கு ஒன்று, திரைக்கு ஒன்றுகூட இல்லை.

போன வாரம் கவனித்தேன், கயிறு தரையில் படும் இடத்தில் பிளாஸ்டிக் உறை மெலிந்து, உள்ளே இருக்கும் கம்பி நிழலாகத் தெரிகிறது. கம்பி வெளியே வந்துவிட்டால் காலைக் கிழிக்கும், தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான். இன்னும் அந்த நிலை வரவில்லை. மறுபடி குறடை எடுத்தேன். வெட்டாமல் விட்ட அந்த நான்கு விரற்கடை இருந்ததே, அதில் இரண்டை ஒரு கைப்பிடியிலிருந்து தளர்த்தி, மறுகைப்பிடியில் அதே அளவு உள்ளே இழுத்து இறுக்கினேன். நீளம் மாறவில்லை, அடிபடும் இடம் மட்டும் இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டது. இந்த முறை பத்து நிமிடம்தான் ஆயிற்று.